பெலே படத்தில் வரும் பணக்காரப் பையன் நிஜமா?

காவேரிப்பட்டினம் பி.டி. வாத்தியார் கேட்டது:

காவேரிப்பட்டினம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். போன சனிக்கிழமை எங்கள் கால்பந்துப் பையன்கள் பதினான்கு பேரை உட்காரவைத்து, பெலேயின் வாழ்க்கையை வைத்து 2016இல் வந்த படத்தைப் போட்டேன். வசனம் ஆங்கிலம். பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அப்பா மாம்பழத்தை வைத்து ஆட்டம் பழக்கும் காட்சிக்கு மட்டும் என் தமிழ் தேவைப்படவில்லை. அதன் பலன், பள்ளிக்குப் பின்னால் இருக்கும் தோப்பில் உதிர்ந்து கிடக்கும் பெங்களூராக் காய் எல்லாம் உதைபடுகிறது. தோப்புக்காரர் இரண்டு முறை வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

அது என் பாடு. கேள்வி வேறு. பெலேயின் அம்மா வேலை செய்யும் வீட்டுப் பையன் ஜோசே அவனைக் கேலி செய்கிறான். பிறகு இருவரும் ஒரே பிரேசில் அணியில் ஆடுகிறார்கள். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் படம் முடிந்ததும் தனியாக வந்து, “சார், இது நிஜமாகவே நடந்ததா?” என்றான். அவன் அம்மாவும் டவுனில் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். யோசிக்காமல் “நடந்தது” என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து உறுத்துகிறது.

ஓசூர் ஷிப்டுக்காரன்:

நடக்கவில்லை சார். ஜோசே அல்டாஃபினி நிஜமான ஆட்டக்காரர்தான், மட்சோலா என்பது அவருடைய பட்டப்பெயர். ஆனால் அவர் பிறந்தது பிராசிகாபாவில், பெலே வளர்ந்தது பவுருவில். 1958 உலகக் கோப்பைக்குப் போன பிரேசில் அணியில் இருவரும் இருந்தார்கள், அதுவரை சரி. 1962 உலகக் கோப்பையில் அவர் இத்தாலிக்கே ஆடினார். நான் ரஹ்மான் இசைக்காகப் படம் பார்த்தவன், இசையில் குறையே இல்லை.

பழைய பேக்:

மட்சோலாவை விடுங்கள், எனக்கு ஆத்திரம் பயிற்சியாளர் ஃபியோலாவைக் காட்டிய விதத்தில். பிள்ளைகளின் ஆட்டத்தை நசுக்குகிறவர் போலப் பாதிப் படம் ஓடுகிறது. நிஜத்தில், பெலே இன்னும் சிறுபிள்ளை, ஆடவைக்க வேண்டாம் என்று அணியின் உளவியலாளர் சொல்லியும், முழங்கால் சரியானால் ஆடுவான் என்று துணிந்தவர் அவர். அந்தப் பதினேழு வயதுப் பையன் அரையிறுதியில் பிரான்ஸுக்கு மூன்று, இறுதியில் ஸ்வீடனுக்கு இரண்டு கோல் போட்டான். வில்லன் இல்லாமல் படம் எடுக்க இவர்களுக்கு ஏன் கைவருவதில்லை?

தருமபுரி கோல்கீப்பர்:

அடுத்த முறை மலையாளத்தில் 2018இல் வந்த ‘கேப்டன்’ போடுங்கள் சார், கால்பந்து வீரர் வி.பி. சத்யனைப் பற்றியது. 1992இல் நம் கோயம்புத்தூரில் கேரளா, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அணித்தலைவர் அவர்தான். ஆனால் அவருடைய முடிவு மனத்தைப் பிசையும். ஆறாம் வகுப்புக்கு வேண்டாம், பத்துக்கு மேல் பார்க்கட்டும்.

காவேரிப்பட்டினம் பி.டி. வாத்தியார்:

நன்றி. நேற்று அவனைக் கூப்பிட்டு, “அந்தப் பையன் கதை படத்துக்காகச் சேர்த்தது, நான் சொன்னது தப்பு” என்றேன். அழுவான் என்று பயந்தேன். அவன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, “காலுறைக்குள் காகிதம் அடைத்துப் பந்து செய்தது?” என்று கேட்டான். அது நிஜம், பெலேயே சொல்லியிருக்கிறார் என்றேன். போய்விட்டான்.

இன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அரசு கொடுத்த காலுறை அவனுக்கு ஒரு காலில் மட்டும்தான் இருந்தது. தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் தோப்புப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.