மறுவாழ்வு மையத்திலிருந்து திரும்பிய மகன்: கண்காணிப்பதா, நம்புவதா?

கேள்வி
வலி மாத்திரைகளுக்கு அடிமையாகி, மூன்று மாதம் மறுவாழ்வு மையத்தில் தங்கிச் சிகிச்சை பெற்ற என் மகன் (வயது 20) சென்ற மாதம் வீடு திரும்பினான். கல்லூரி விடுதிக்கே மீண்டும் செல்ல வேண்டும் என்கிறான். நேற்றிரவு அவன் உறங்கியதாக எண்ணிச் சட்டைப்பையைத் துழாவினேன்; ஒரு பேருந்துச் சீட்டுதான் இருந்தது. விழித்திருந்தவன் ஒன்றும் சொல்லாமல் சுவர்ப்பக்கம் புரண்டு படுத்துக்கொண்டான். நான் செய்தது தவறா?

பதில் 1
என் மகள் விஷயத்தில் நானும் இதையே செய்தவள்தான். பிறகு ஆலோசகர் முன்னிலையில், வாரம் ஒருமுறை சிறுநீர்ப் பரிசோதனை, அதற்கு ஈடாக அவளுடைய பையை நான் தொடுவதில்லை என்று எழுதிக்கொண்டோம். விடுதி மட்டும் இப்போது வேண்டாம், சகோதரி. அதே அறை, அதே நண்பர்கள். முடிந்தால் ஒரு பருவமாவது வீட்டிலிருந்து சென்று வரட்டும்.

பதில் 2
மனநலப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். உங்கள் மகன் எடுத்தவை டேபென்டடால் போன்ற ஓப்பியாய்டு (அபின் போலச் செயல்படும் வலிநிவாரணி) மாத்திரைகள் எனில், சில வாரங்கள் நிறுத்தியபின் உடலின் தாங்குதிறன் குறைந்திருக்கும். பழைய அளவையே மீண்டும் எடுத்தால் மூச்சு அடங்கி உயிரே போகலாம். ஆகவே, "மறுபடி தொட்டால் வீட்டுப்படி ஏறாதே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தவறினால் அவன் முதலில் உங்களிடம்தான் வர வேண்டும். மருத்துவர் தந்த மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் பெற்றோரும் இலவசமாகப் பேசலாம்.

கேட்டவர்
காலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். வெள்ளிக்கிழமை ஆலோசகரிடம் சேர்ந்து போகலாம் என்றான். விடுதிப் பேச்சு இன்னும் முடியவில்லை.