அண்ணனுக்கு மனச்சிதைவு, என் பிள்ளைக்கும் வருமா?

தூறல்:
அண்ணனுக்கு 21 வயதில் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) வந்தது. அணைத்து வைத்த ரேடியோவும் தன்னைப் பற்றிப் பேசுகிறது என்று அதன்மேல் துண்டைப் போட்டு மூடுவான். பதினொரு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறான், வேலைக்கும் போகிறான். நானும் மனைவியும் குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறோம். "உங்கள் ரத்தத்திலேயே இருக்கிறது, யோசித்துச் செய்யுங்கள்" என்கிறார் உறவினர் ஒருவர். உண்மையா?

கூர்நோக்கு:
பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு, அதை மறைக்க வேண்டாம். பொதுவாக 100 பேரில் ஒருவருக்கு வரும் நோய், தாய் தந்தையில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கு வருகிறது. வளர்ப்பால் வருவதென்று சிலர் சொல்வார்கள். 1966-ல் ஹெஸ்டன் என்ற மனநல மருத்துவர் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். நோயுள்ள தாய்களுக்குப் பிறந்து, மூன்று நாட்களுக்குள் பிரிக்கப்பட்டு வேறு இடத்தில் வளர்ந்தவர்கள் 47 பேர். அவர்களில் 5 பேருக்கு மனச்சிதைவு வந்தது. நோயில்லாத தாய்களுக்குப் பிறந்து அதேபோல் பிரிந்து வளர்ந்த 50 பேரில் ஒருவருக்குக்கூட வரவில்லை.

மண்வாசம்:
இரட்டையர் கணக்கை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தால், மற்றவருக்கும் வருவது 30 முதல் 50 சதவீதம்தான். மரபணு அப்படியே ஒன்று, ஆனாலும் குறைந்தது பாதிப் பேருக்கு வருவதில்லை. 2014-ல் மரபணுத் தொகுதியில் இந்த நோயோடு தொடர்புள்ள 108 இடங்களைக் கண்டுபிடித்தார்கள், 2022-ல் அது 287 ஆனது. ஒவ்வொன்றின் பங்கும் துளியளவு. அத்தனையையும் கூட்டி மதிப்பெண் போட்டாலும், இன்னாருக்கு வரும், இன்னாருக்கு வராது என்று யாராலும் சொல்ல முடியாது. நெதர்லாந்தில் 1944-45 குளிர்காலப் பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது கருவானவர்களுக்கு நோய் இரண்டு மடங்கு வந்தது. பட்டினி எந்த ரத்தத்தில் இருக்கிறது?

கூர்நோக்கு:
அந்தப் பஞ்சத்தில் கருவானவர்களிலும் பெரும்பாலோருக்கு வரவில்லையே, அது ஏன்? துளித்துளியாகச் சேர்வதால் மரபணுவின் பங்கு சிறியது என்றாகிவிடாது, உயரமும் அப்படித்தான் அமைகிறது. தவிர எல்லாமே துளியும் அல்ல. 22-ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமல் பிறப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மனச்சிதைவு வருகிறது. 2016-ல் சி4 என்ற மரபணுவின் பங்கு தெரியவந்தது. வளரும் மூளையில் வேண்டாத நரம்பு இணைப்புகளைக் கழித்துவிடும் வேலையோடு தொடர்புள்ள மரபணு அது. அதன் செயல்பாடு கூடும்போது ஆபத்தும் கூடுகிறது.

அகல்:
நான் ஒரு தாய், என் மகளுக்கு இந்த நோய். "மனச்சிதைவை உண்டாக்கும் தாய்" என்று 1948-ல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர் எழுதினார். மருத்துவம் அதைக் கைவிட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது, ஆனால் என் வீட்டுக்கு வந்தவர்கள் விடவில்லை. ஐந்து வயதில் பால் தம்ளரைத் தட்டிவிட்டாள் என்று ஒருமுறை கையில் அடித்தேன். அதையே நினைத்து எத்தனை ராத்திரி விழித்திருப்பேன்! மரபணு என்று ஒரு மருத்துவர் படம் போட்டு விளக்கிய அன்றுதான் தூங்கினேன். மண்வாசம், அதை என்னிடமிருந்து பறிக்காதீர்கள்.

மண்வாசம்:
அம்மா, உங்களைக் குறை சொல்வேனா? சூழல் என்று நான் சொல்வது தாய் வளர்த்த விதத்தை அல்ல. கருவில் பட்டினி, பிரசவச் சிக்கல், இளவயதில் கஞ்சா, இவற்றைத்தான்.

இதையும் சொல்லிவிடுகிறேன், எனக்கே இந்த நோய் உண்டு. எனக்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை, நோயாளிகளில் பெரும்பாலோர் கதை இதுதான். எனக்கு வந்தபிறகு என் தங்கை ஒருநாள் தூக்கம் வராமல் புரண்டால் வீடே எழுந்து உட்காருகிறது. அவள் தனியாகச் சிரிக்கக்கூடப் பயப்படுகிறாள். உங்களைத் தூங்கவைத்த அதே சொல், அம்மா, அவள் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

கூர்நோக்கு:
மண்வாசம், இது தெரியாமல் கொஞ்சம் வேகமாகப் பேசிவிட்டேன், மன்னியுங்கள். "ரத்தம்" என்ற சொல்லை நானும் விட்டுவிடுகிறேன். கணக்கை மட்டும் விடமாட்டேன், ஏனென்றால் தூறலுக்கு உதவப்போவது அதுதான்.

தூறல், நோயாளியின் உடன்பிறந்தவர் பிள்ளைகளுக்கு நோய் வருவது 100-ல் 3, 4 பேர் அளவில்தான். பொது அளவைவிடக் கூடுதல்தான், ஆனால் 96 பேருக்கு வருவதில்லை. அண்ணனுக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறோ அண்ணப் பிளவோ (வாயின் மேற்கூரையில் பிளவு) இருந்திருந்தால், அந்த 22-ஆம் குரோமோசோம் சோதனையை அவருக்குச் செய்து பார்ப்பதில் பயன் உண்டு. மற்றபடி பிறக்கப்போகும் குழந்தைக்கு வருமா என்று சொல்லும் சோதனை எதுவும் கிடையாது. அப்படி யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

மண்வாசம்:
பங்கு எவ்வளவு என்பதில் இன்னும் உங்களோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் கடைசியாகச் சொன்னது சரி. தூறல், முடிவெடுக்கும் முன் அண்ணனிடமும் பேசுங்கள். அவருக்குத் தெரியாமல் அவரைப் பற்றி வீட்டில் பேச்சு நடக்கக் கூடாது.

தூறல்:
நேற்று ராத்திரி பேசினோம். எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். "என்னை மாதிரி ஒன்று பிறந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "சீக்கிரமே மருத்துவரிடம் கூட்டிப்போ. எனக்கு இரண்டு வருடம் வீணாய்ப் போச்சு" என்று அவனே சொன்னான். மரபணு ஆலோசகரைப் பார்க்க வியாழக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறோம். அண்ணனும் வருகிறான்.