எல்லையோர ஊர்களில் வெப்சைட் வேலை: எங்கே இழுக்கும், எப்படித் திட்டம் போடுவது (அனுபவப் பகிர்வு)

மார்த்தாண்டம்காரர்

களியக்காவிளை, செங்கோட்டை, கம்பம், வடக்கே நகரி வரை வெப்சைட் வேலை எடுக்கிறவர்கள் தங்களிடம் வந்து சேர்ந்த கேஸ்களை இங்கே போடுங்கள். சொந்தக் கதை வேண்டாம். என்ன வேலை, எங்கே இழுத்தது, ஏன் இழுத்தது, அது போதும். முதல் கேஸ் என்னுடையது.

"பத்துப் பக்க சைட்தான், தமிழ், மலையாளம், இங்கிலீஷ் மூணும் வேணும்" என்று கிளையண்ட் வருவார். பத்துப் பக்கத்துக்குக் கொட்டேஷன் போனால் அங்கேயே வேலை கெட்டது. அது முப்பது பக்கம். கோடிங்கில் பெரிய வித்தியாசம் வராது, மொழி பிளக்இன் (சைட்டோடு சேர்க்கும் துணை மென்பொருள்) பார்த்துக்கொள்ளும். காலத்தைத் தின்பது எழுத்து வேலைதான். கடையில் 180 பொருள், ஒன்றுக்கு 60 சொல் விவரம் என்றால் 10,800 சொல். பழகிய மொழிபெயர்ப்பாளர் ஒரு நாளைக்கு 2,000 சொல் முடிப்பார் என்று கணக்குப் போட்டால் ஒரு மொழிக்கு ஐந்தரை நாள். திருத்திப் பார்க்க இன்னும் இரண்டு நாள். இதை யார் செய்வது, காசு யார் கொடுப்பது என்று கொட்டேஷனில் தனி வரியாக எழுதாவிட்டால் அது நம் தலையில்தான் விழும்.

கன்டென்டை வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக வாங்கவே கூடாது. ஒரு ஷீட், பொருளுக்கு ஒரு வரிசை, மொழிக்கு ஒரு நெடுவரிசை, கடைசியில் "ஓகே" நெடுவரிசை. ஓகே போடும் ஆள் ஒருவர்தான்; அவர் பெயர் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அப்பா மகன் இருவரும் ஓகே சொல்லும் கடைகளில் ஹோம் பேஜ் நான்கு தடவை மாறும். கெடு தேதியைக் காலண்டர் நாளாக எழுதாமல் "ஷீட் முழுமையாக வந்து 30 வேலை நாள்" என்று எழுதுங்கள். பணம் 40 சதவீதம் அட்வான்ஸ், டிசைன் ஓகே ஆனதும் 30, டெஸ்ட் சைட்டில் முழுதாகக் காட்டியதும் 20, லைவ் ஆனதும் 10. கடைசித் தவணையைப் பெரிதாக வைத்தால் "இன்னும் ஒரே ஒரு படம் மாத்தணும்" என்று மாதக்கணக்கில் நிற்கும்.

இன்னொன்று பழைய ஃபாண்ட். நோட்டீஸ் அடித்த பேஜ்மேக்கர் கோப்பைத் தருவார்கள். தமிழ் பாமினியில் இருக்கும், மலையாளம் எம்எல்-டிடி கார்த்திகாவில் இருக்கும். இரண்டும் யூனிகோடு (எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி தெரியும் பொது எழுத்துக் குறியீடு) இல்லை. அப்படியே ஒட்டினால் இங்கிலீஷ் எழுத்தும் குறியீடுமாகக் கொட்டும். பாமினிக்கு கன்வெர்ட்டர் நிறைய உண்டு; மலையாளத்துக்கு சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவின் 'பய்யன்ஸ்' இருக்கிறது. மாற்றிய பிறகு எண்களையும் போன் நம்பர்களையும் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

செங்கோட்டைப் பக்கம்

அண்ணாச்சி சொன்னதோடு முகவரி ஃபார்மையும் சேர்க்கணும். ரெடிமேட் கார்ட் (ஆன்லைன் கடை மென்பொருள்) எதை எடுத்தாலும் கதவு எண், தெரு, கடைசிப் பெயர் மூன்றும் கட்டாயம் என்று இருக்கும். புளியரை தாண்டி ஆரியங்காவு, புனலூர் போனால் பெரும்பாலும் வீட்டுப் பெயரும் போஸ்ட் ஆபீஸும்தான், தெருவே கிடையாது. நம்மாட்களுக்கோ இனிஷியல் உண்டு, கடைசிப் பெயர் இல்லை. கட்டாயக் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு ஆர்டர் போடுவார்கள், கூரியர்காரர் திருப்பி அனுப்புவார். முழுப்பெயருக்கு ஒரே கட்டம், "வீட்டு எண் அல்லது வீட்டுப் பெயர்", "தெரு அல்லது போஸ்ட்", அடையாள இடம் என்று மாற்றுங்கள்.

மாநிலத்தை பின்கோடின் முதல் இரண்டு இலக்கத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் கோடு நிறைய சைட்டில் ஓடுகிறது. 67 முதல் 69 வரை கேரளா என்று எழுதி வைத்திருப்பார்கள். மாஹே 673310. அது புதுச்சேரி. லட்சத்தீவு 682-இல் தொடங்கும். ஆந்திராவுக்குள் இருக்கும் ஏனாம் 533464, அதுவும் புதுச்சேரிதான். அஞ்சல் துறையின் முழுப் பட்டியலை டேட்டாபேஸில் ஏற்றி, ஆறு இலக்கத்தையும் வைத்துத் தேடுங்கள்.

மாநிலம் தப்பினால் வரி தப்பும். தமிழ்நாட்டுக் கடை தமிழ்நாட்டுக்குள் அனுப்பினால் சிஜிஎஸ்டி (மத்திய வரி), எஸ்ஜிஎஸ்டி (மாநில வரி); எல்லை தாண்டினால் ஐஜிஎஸ்டி (மாநிலங்களுக்கிடையே ஒரே வரி). ஜிஎஸ்டி பதிவு இல்லாத வாடிக்கையாளர் பில் முகவரி நாகர்கோவில் என்றும் டெலிவரி நெய்யாற்றின்கரை என்றும் கொடுத்தால் டெலிவரி முகவரியைத்தான் எடுக்க வேண்டும். கார்ட் மென்பொருளில் இதற்கு ஒரு செட்டிங் உண்டு, பில் முகவரி என்று கிடந்தால் மாற்றிவிடுங்கள். வியாபாரி வாங்கினால் அவர் ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கமே மாநிலம்: 32 கேரளா, 33 தமிழ்நாடு, 37 ஆந்திரா.

ஐபி முகவரி (நெட்டில் போனுக்குக் கிடைக்கும் எண்) பார்த்து மொழியைத் தானாக மாற்றும் வேலை இங்கே எடுபடாது. மொபைல் நெட்டின் ஐபி சென்னை என்றோ கொச்சி என்றோ காட்டும்; ஆள் நிற்பது புளியரை செக்போஸ்ட்டில். போன் மொழியை நம்பினாலும் பலர் போன் இங்கிலீஷில்தான் இருக்கும். மேலே கண்ணில் படுகிற மாதிரி மூன்று மொழிப் பெயரும் அந்தந்த எழுத்திலேயே வையுங்கள். தேர்ந்தெடுத்ததை குக்கியில் (பிரவுசர் வைத்துக்கொள்ளும் சிறு குறிப்பு) சேமித்தால் முடிந்தது.

நகரி

தெலுங்குக்கு ஒரு குறிப்பு மட்டும். ஃப்ளெக்ஸ் கடையிலிருந்து வருவது அனு ஃபாண்டில் இருக்கும், அதையும் யூனிகோடாக மாற்றணும். தெலுங்கில் ஒத்தெழுத்து (கூட்டெழுத்தில் சேரும் அடுத்த மெய்) கீழே தொங்கும். தமிழுக்குப் போட்ட 1.3 வரி உயரத்தை அப்படியே விட்டால் பட்டனுக்குள் அடிப்பாகம் வெட்டுப்படும். 1.6 அல்லது 1.7 வையுங்கள், பட்டனுக்கு உயரத்தை நிலையாகக் கொடுக்காமல் பேடிங் (எழுத்தைச் சுற்றி இடைவெளி) கொடுங்கள்.

கம்பம்–குமுளி

அண்ணே, ஏலக்காய்க் கடை சைட் எடுக்கிறவர்களுக்கு இது. புத்தடியிலும் போடியிலும் ஸ்பைசஸ் போர்டு ஏலம் நடக்க நடக்க விலை மாறும். 7 எம்எம், 8 எம்எம், மிக்ஸ் என்று மூன்று ரகம். 50, 100, 250, 500 கிராம் என்று நான்கு எடை. மொத்தம் 12 விலை. தினமும் காலையில் கடைக்காரர் 12 கட்டத்தைத் திருத்துவார் என்று திட்டம் போட்டால் இரண்டாவது வாரம் நிறுத்திவிடுவார்.

ரகத்துக்கு ஒரு கிலோ விலை, எடைக்கு ஒரு பேக்கிங் செலவு, இவ்வளவு மட்டும் அட்மினில் (கடைக்காரர் திருத்தும் பக்கம்) கேளுங்கள். மீதியை சைட் கணக்குப் போடட்டும். கிலோ 2,800 என்று வைத்தால் 100 கிராம் 280, பாக்கெட் செலவு 12 சேர்த்து 292, 5 சதவீத ஜிஎஸ்டியோடு 306.60, அடுத்த பத்துக்கு மேல்நோக்கி முழுதாக்கி 310.

இதில் மூன்று இடத்தில் சிக்கும். ஒன்று, பாக்கெட்டில் அச்சான எம்ஆர்பி. கிலோ விலை ஏறியதும் சைட் 310 காட்டும், குடோனில் கிடக்கும் பாக்கெட்டில் 300 அடித்திருக்கும். எம்ஆர்பிக்கு மேல் விற்கக் கூடாது. ஒவ்வொரு எடைக்கும் எம்ஆர்பியை ஒரு கட்டத்தில் வைத்து, கணக்கு அதைத் தாண்டினால் அங்கேயே நிற்கிற மாதிரி எழுதுங்கள். அடுத்தது கேஷ், அதாவது சைட் வேகமாக வரச் சேமித்து வைக்கும் பக்க நகல். பொருள் பக்கம் பழைய விலையைக் காட்டும், கார்ட் புதிய விலையைக் காட்டும், வாடிக்கையாளர் ஏமாற்றுகிறார்கள் என்று ரிவ்யூ போடுவார். விலையைச் சேவ் செய்ததும் அந்தப் பக்கங்களின் கேஷ் மட்டும் அழிய வேண்டும். மூன்றாவது, ஆர்டர் டேபிளில் விலையின் நகல் இருக்கணும். பொருள் டேபிளைப் பார்த்து பில் எடுத்தால் போன மாதத்துப் பில் இன்றைய விலையில் அச்சாகும், ஆடிட்டர் விடமாட்டார்.

பொருள் பக்கத்தில் எம்ஆர்பி, நிகர எடை, தயாரிப்பவர் பெயர் முகவரி, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு உரிமம்) எண் இருக்கட்டும். பேமெண்ட் கேட்வே (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் நிறுவனம்) விண்ணப்பத்துக்கு முன்பே ரீஃபண்ட், பிரைவசி, விதிமுறைப் பக்கங்கள் லைவாக இருக்கணும். இல்லையென்றால் திருப்பி அனுப்புவார்கள், ஒரு வாரம் போகும்.

லைவ் தேதிக்கும் ஒரு வார்த்தை. கார்த்திகை 1-க்கு சபரிமலைக் கூட்டம் ஆரம்பித்துவிட்டால் குமுளிப் பக்கம் கடைக்காரர் போனையே எடுக்க மாட்டார். அக்டோபர் கடைசிக்குள் முடியாத வேலையை தை பிறந்த பிறகுக்குத் தள்ளுவதே நல்லது. ஓண வாரத்தில் கேரளா கிளையண்டிடம் ஓகே கேட்பதும் வீண்.

கொழிஞ்சாம்பாறை

லைவ் அன்று நடப்பதைச் சொல்கிறேன். நேம்சர்வரை (டொமைன் எங்கே போகும் என்று சொல்லும் சர்வர்) மாற்றியதும் சைட் வரும், கடையின் மெயில் நின்றுவிடும். காரணம், புது இடத்தில் எம்எக்ஸ் ரெக்கார்டு (மெயில் எந்த சர்வருக்குப் போகணும் என்ற பதிவு) இல்லை. பழைய டிஎன்எஸ் (டொமைனின் பதிவுகள்) பக்கத்தை முழுசாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எம்எக்ஸ், எஸ்பிஎஃப் (யார் மெயில் அனுப்பலாம் என்ற பதிவு), டிகிம் (மெயிலின் கையொப்பப் பதிவு) எல்லாவற்றையும் முதலில் புது இடத்தில் போட்டுவிட்டு அப்புறம் மாற்றுங்கள். எஸ்பிஎஃப் ஒரு டொமைனுக்கு ஒன்றுதான். இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. சைட்டை மட்டும் வேறு சர்வருக்கு நகர்த்துவதானால் டிடிஎல்லை (பழைய பதிவை மற்ற சர்வர்கள் நினைவில் வைக்கும் நேரம்) இரண்டு நாள் முன்பே 300 விநாடிக்குக் குறைத்து வையுங்கள். 86,400-இலேயே விட்டால் ஒரு நாள் முழுக்கச் சிலருக்குப் பழைய சைட்டும் சிலருக்குப் புதிய சைட்டும் தெரியும், ஆர்டர் இரண்டு இடத்தில் விழும்.

பணம் போய்விட்டது, ஆர்டர் பெண்டிங் என்று போன் வந்தால் முதலில் வெப்ஹுக் (பணம் வந்ததும் கேட்வே சைட்டுக்குச் செய்தி அனுப்பும் இடம்) முகவரியைப் பாருங்கள். பெரும்பாலும் அது டெஸ்ட் சைட்டையே காட்டிக்கொண்டிருக்கும். லைவ் கீ (கேட்வே தரும் நிஜப் பணச் சாவி எண்) போட்டதும் குறைந்த விலைப் பொருளை நிஜப் பணத்தில் வாங்கி, ரீஃபண்ட் வரை ஓட்டிப் பார்க்கணும். வேர்ட்பிரஸ்ஸில் தேடுபொறி வரவேண்டாம் என்று டெஸ்டுக்காகப் போட்ட டிக்கை எடுக்க மறக்கிறவர்களே அதிகம். பழைய பக்கங்களுக்கு 301 (புது முகவரிக்குத் திருப்பிவிடும் குறி) போடாதவர்கள் அதைவிட அதிகம்.

மலையாளத் தேடல் பெட்டிக்கு: சில்லெழுத்தை (தனி வடிவில் நிற்கும் மெய்யெழுத்து) முன்பு மெய், சந்திரக்கலை (நம் புள்ளி போன்ற குறி), கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்குறி என்று மூன்று குறியீடாக எழுதினார்கள். 2008-இல் வந்த யூனிகோடு 5.1 அதை ஒரே குறியீடாக்கியது. பழைய கோப்பும் புதிய கீபோர்டும் சேர்ந்தால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் பெயர் தேடலில் கிடைக்காது. தமிழ் 'கொ' இரண்டு விதமாகச் சேமிக்கப்பட்டாலும் என்எஃப்சி (யூனிகோடை ஒரே வடிவாக்கும் முறை) ஒன்றாக்கிவிடும், மலையாளச் சில்லை ஒன்றாக்காது. ஆறு சில்லுக்கும் மாற்று அட்டவணையை நாமே எழுதி, சேமிக்கும்போதும் தேடும்போதும் ஓட்டணும்.

மார்த்தாண்டம்காரர்

எஸ்எம்எஸ்ஸையும் இதோடு சேர்த்துவிடுகிறேன். இங்கிலீஷில் ஒரு மெசேஜ் 160 எழுத்து. தமிழ், மலையாளம், தெலுங்கில் 70, நீண்டால் துண்டுக்கு 67. எண்ணுவது குறியீட்டை, எழுத்தை அல்ல: 'நன்றி' கண்ணுக்கு மூன்று, கணக்கில் ஐந்து. டிஎல்டி பதிவு (எஸ்எம்எஸ் அனுப்புகிற கடைகள் செய்ய வேண்டிய பதிவு) கடையின் பெயரில் நடக்கணும், ஒவ்வொரு மொழி டெம்ப்ளேட்டும் (மெசேஜ் வாசகம்) தனியாக ஒப்புதல் பெறணும். ஒப்புதலான வாசகத்தில் ஒரு முற்றுப்புள்ளி மாறினாலும் மெசேஜ் போகாது. டிசைன் தொடங்குகிற வாரத்திலேயே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.