எங்க தோட்டத்து குரூப்ல போலி ஐடி, எப்படி கண்டுபிடிக்கிறது?

ஹட்டன்_பிள்ளை:
எங்க தேயிலைத் தோட்டத்து பேஸ்புக் குரூப்ப நான்தான் பாத்துக்கிறேன், ரெண்டு வாரமா புது புது ஐடி வந்து நாங்க சம்பளப் பிரச்சனைய பேசினா உடனே சாதி மதம்னு இழுத்து சண்ட மூட்டுறாங்க. நேத்து மண்சரிவு வருது ஓடுங்கன்னு ஒருத்தன் பழைய போட்டோவ போட்டு, வயசானவங்க ராத்திரி முழுக்க தூங்கல. இது பொட்டா (தானா போஸ்ட் போடுற ப்ரோக்ராம்), மனுசனா?

பதுளை_அண்ணன்:
தங்கச்சி, ப்ரொபைல பாருங்க. சேந்து பத்து நாளு, ஊர்ல ஒருத்தர்கூட ப்ரெண்ட் இல்ல, ஒரே கமெண்ட்ட எழுத்து மாறாம நாலு குரூப்ல ஒட்டியிருந்தா பொட், இல்லாட்டி காசுக்கு ஆள் வச்சி செய்றது. நான் "தோட்டத்துல எந்த டிவிசன், கொழுந்து நிறுக்குற மடுவம் எங்க இருக்கு"ன்னு கேப்பேன், நம்ம ஆளு டக்குனு சொல்லிருவாங்க. பேஜா இருந்தா பேஜ் ட்ரான்ஸ்பேரன்சில எப்ப தொடங்கினது, பேரு மாத்தினது எல்லாம் இருக்கு. போட்டோவ கூகுள் லென்ஸ்ல போட்டு தேடுங்க, முன்னாடி எங்கயாவது வந்த பழைய போட்டோவான்னு பாக்கலாம்.

கண்டி_வாசி:
எல்லா புது ஐடியும் பொட் இல்லங்க, கொழும்புல கடைல வேல செய்ற நம்ம பிள்ளைங்க போன் மாத்தினா புது ஐடிதான், அவங்கள வெரட்டிராதீங்க. ஆனா வெறுப்ப பரப்புறவன விடவே கூடாது. 2018 மார்ச்ல கண்டி பக்கம் திகனயில முஸ்லிம்களுக்கு எதிரா நடந்த கலவரத்த நாங்க பக்கத்துல இருந்து பாத்தவங்க, அதுல வெறுப்பு பரவ தன்னோட தளமும் காரணமா இருந்ததுக்கு பேஸ்புக்கே 2020ல மன்னிப்பு கேட்டுச்சு. ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டு பிறகு ப்ளாக் பண்ணுங்க, இணையப் பாதுகாப்ப பாக்குற அரசு நிறுவனம் இலங்கை செர்ட்டுக்கு 101ல கூப்பிட்டும் சொல்லலாம்.

ஹட்டன்_பிள்ளை:
நன்றிண்ணே. மடுவம் கேள்விய கேட்டேன், மூணு ஐடி பதிலே இல்ல. மண்சரிவு செய்திய இனி தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்து அறிவித்தல பாத்துட்டுத்தான் அப்ரூவ் பண்ணுவேன்.