மரத்துல பொருக்கா ஒட்டியிருக்கிற பூஞ்சைக்கு என்ன பேரு வைக்கலாம்

இங்கிலீஷ்ல கார்ட்டிசியாய்டுன்னு (corticioid) சொல்ற பூஞ்சைக்குத் தமிழ்ப் பேரா நீங்க சொன்ன 'மேலோட்டுப் பூஞ்சை' கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ஓடுன்னா கெட்டியா இருக்கணும், தட்டினா சத்தம் வரணுமில்லீங்களா. இது அப்படி இல்லையே. விழுந்து கிடக்கிற ஈரக்கட்டையைப் புரட்டினா அடிப்பக்கம் யாரோ அரைகுறையா வெள்ளையடிச்ச மாதிரி ஒரு திட்டு இருக்கும், நகத்தால சுரண்டினா சிலது மெழுகா வழுக்கும், சிலது பஞ்சா வரும், சிலது காய்ஞ்சு போய் கட்டம் கட்டமா வெடிச்சிருக்கும், காம்பு கிடையாது குடை கிடையாது, தடிமன் பல சமயம் ஒரு மில்லிமீட்டர்கூட தேறாது. இதுக்குப் 'பொருக்கு'தான் பொருந்துது. புண்ணு ஆறும்போது மேல கட்டுறதும் சேறு காய்ஞ்சு ஓரம் எழும்புறதும் பொருக்குதானே, மெல்லிசா அடியோட ஒட்டிக்கிட்டிருக்குங்கிறது அந்தச் சொல்லுக்குள்ளயே வந்துடுது.

'பட்டைப் பூஞ்சை'யும் தப்பில்ல, இதுல ஒரு பேரினத்துக்கு இருக்கிற கார்ட்டிசியம்ங்கிற பேரே லத்தீன்ல பட்டையைக் குறிக்கிற சொல்லுல இருந்து வந்ததுதான். ஆனா படிக்கிறவங்க பட்டையில மட்டும்தான் வளரும்னு நினைச்சுக்குவாங்க, பட்டை உரிஞ்ச வெறுங்கட்டையில வளர்றது எத்தனையோ இருக்கு. 'படர்பூஞ்சை'ன்னா படர்தாமரை ஞாபகம் வருது (அதுவும் பூஞ்சைதான்!), நேரா தோல் டாக்டர்கிட்ட கொண்டுபோய் விட்டுடும்.

ஒண்ணு மட்டும் கவனிங்க, இது உருவத்துக்கு வைக்கிற பேரு, குலத்துக்கு இல்ல. முன்னாடி இதுல பெரும்பாலானதை கார்ட்டிசியேசியேன்னு ஒரே குடும்பத்துல அடைச்சு வெச்சிருந்தாங்க, டிஎன்ஏ பாக்க ஆரம்பிச்சதும் பல வரிசைகள்ல (குடும்பத்துக்கு மேல இருக்கிற பிரிவு) சிதறிப்போச்சு. அதனால 'பொருக்குப் பூஞ்சைக் குடும்பம்'னு எழுதிடாதீங்க.

அடுத்து ரிசுபினேட் (resupinate), இந்தப் பூஞ்சையோட கனியுடல், அதாவது வித்து உண்டாக்குற பாகம், கிடக்கிற விதத்தைச் சொல்ற சொல். 'கவிழ்ந்த'ன்னு போட்டா அர்த்தமே தலைகீழாயிடும். குடைக்காளானுக்கு வித்து உண்டாகிற பக்கம் கீழ இருக்கு, இதுவோ முதுகை மரத்துல ஒட்டிக்கிட்டு வித்துப்படலத்தை வெளிய காட்டிக்கிட்டு கிடக்கு, அப்ப மல்லாந்து கிடக்குன்னுதானே சொல்லணும்? 'மல்லாந்த கனியுடல்'னு வெச்சுக்கலாம். கட்டைக்கு அடியில இருந்தா முகம் தரையைத்தானே பாக்கும்னு கேப்பீங்க, நியாயம்தான், ஆனா முதுகு எதுல ஒட்டியிருக்குங்கிறதுதான் கணக்கு.

புது இனத்தோட விவரிப்புல வெச்சுப் பாத்தேன்: "கனியுடல் மல்லாந்தது, அடியோடு ஒட்டியது, விளிம்பு மெலிந்து மறைவது; வித்துப்பரப்பு வழவழப்பானது, காய்ந்தால் வெடிப்பது; இழைகளில் பிடிப்பு முடிச்சு உண்டு." இடறாம ஓடுது (பிடிப்பு முடிச்சுன்னா கிளாம்ப் கனெக்‌ஷன், இழையில அடுத்தடுத்த செல்லை இணைக்கிற சின்ன வளைவு). 2012க்கு முன்னாடி லத்தீன்ல விவரிச்சாத்தான் புதுப்பேரு செல்லும், இப்ப இங்கிலீஷும் செல்லும், தமிழுக்கு இன்னும் அந்த இடம் இல்ல, நாம எழுதுறது படிக்கிறவங்களுக்காகத்தான், அதனால வாயில நுழையிற சொல்லா இருக்கட்டும்.

வித்துப்படலத்துல வித்து உண்டாக்குற செல்லுக்கு நடுவுல இருக்கிற, வித்து உண்டாக்காத ஒரு வகைச் செல்தான் சிஸ்டிடியம் (cystidium); அதுக்கு 'மலட்டுச் செல்' மட்டும் வேண்டாமே. அந்தப் படலத்துல வித்து உண்டாக்காத செல் வேற வகையும் இருக்கு, எதைச் சொல்றோம்னே பிரியாது. நல்ல சொல் மாட்டுற வரைக்கும் சிஸ்டிடியம்னே எழுதுவோம்.