மறு: ‘டெக்னிக்கல் டெப்ட்’ தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

சரவணம்பட்டியிலிருந்து, செவ்வாய் இரவு 10.50

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினாறு பக்கம். எல்லாம் நான் அடிபட்டுக் கற்றதுதான். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு மேல் எதையும் சர்வரில் ஏற்றாதே. பிழைச் செய்தியை முழுசாகப் படி, அப்புறம் என்னைக் கூப்பிடு. ‘என் கம்ப்யூட்டரில் ஓடுதுங்க’ என்று வாடிக்கையாளரிடம் சொல்லாதே, உன் கம்ப்யூட்டரையா அவருக்குப் பார்சல் கட்ட முடியும்? இந்த மாதிரி.

ஒன்பதாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். டெக்னிக்கல் டெப்ட். அவசரத்துக்கு ஒப்பேற்றி வைத்ததைப் பின்னால் சரிசெய்தாக வேண்டிய சுமை. சரிசெய்யாமல் விட்டால் அதன் மேல் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் கூடுதல் நேரம் பிடிக்கும், அதுதான் வட்டி. ‘தொழில்நுட்பக் கடன்’ என்று போட்டிருந்தேன். போன வருடம் சேர்ந்த பையன் படித்துவிட்டு, “லேப்டாப் வாங்க ஆபீசில் கடன் தர்றாங்களாண்ணா?” என்று ஆசையாகக் கேட்டான்.

வெள்ளி காலை அச்சுக்குப் போகிறது. உதவுங்கள்.

பெருந்துறையிலிருந்து, புதன் காலை 5.15

அன்புள்ள தம்பிக்கு,

பையன் மேல் தவறில்லை, அது வங்கிச் சொல். நம்மிடம் இதற்கென்றே ஒரு சொல் ஈராயிரம் ஆண்டுகளாகச் சும்மா கிடக்கிறது: குறியெதிர்ப்பை. 221-ஆம் குறளில் உண்டு. அளவு குறித்து வாங்கி, அதே அளவைத் திருப்பிக் கொடுப்பது என்று பரிமேலழகர் உரை சொல்கிறது. புறநானூறு 163-இலும் வரும். குமணனிடம் பரிசில் பெற்று வந்த பெருஞ்சித்திரனார், நமக்குக் குறியெதிர்ப்பை தந்தவர்களுக்கும் கொடு என்று மனைவியிடம் சொல்வார். குமணனின் முதிரமலை நம் உடுமலைப் பக்கம் என்பது என் கட்சி. ஆகவே இது நம் நாட்டுச் சொல்லும்கூட. இன்னொன்றையும் பாருங்கள். நீங்கள் எழுதும் கோடிங்கைச் சிலர் குறிமுறை என்கிறார்கள். ‘குறி’ அதிலும் இருக்கிறது, இதிலும் இருக்கிறது. இப்படி ஒரு பொருத்தம் தேடினாலும் கிடைக்காது.

கடன், கடமை, கடப்பாடு மூன்றும் ‘கட’ என்னும் ஒரே வேரின் கிளைகள் என்பது பற்றித் தனியாக எழுதுகிறேன்.

திருப்பூரிலிருந்து, புதன் மதியம் 1.30

ஐயா, கோவிச்சுக்காதீங்க. குறியெதிர்ப்பையில் வட்டி இல்லையே. ஒரு படி அரிசி வாங்கினால் ஒரு படிதான் திருப்பித் தர வேண்டும். எங்கள் கடன் அவ்வளவு நாணயமானது இல்லை. கதை சொல்கிறேன்.

2017 ஜூலை 1. ஜிஎஸ்டி வந்த வாரம். பனியன் கம்பெனிகளுக்கு பில் போடும் மென்பொருள் எங்களுடையது. ஆயத்த ஆடை ஒரு பீஸ் ஆயிரம் ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. ராத்திரியோடு ராத்திரியாக 1000 என்ற எண்ணை அப்படியே நிரலுக்குள், அதாவது கோடுக்குள், அடித்தேன். பக்கத்தில் ஒரு குறிப்பு: ‘தற்காலிகம். அடுத்த வாரம் மாற்றணும்.’ அந்த அடுத்த வாரம் எட்டு வருடம் கழித்து வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் வரம்பு 2500, அதற்கு மேல் 18 சதவீதம். தேடினால் 41 இடத்தில் 1000 நிற்கிறது. பாதி நான் போட்டது, மீதி என்னைப் பார்த்துப் போட்டது. சில இடத்தில் அது வரி வரம்பு, சில இடத்தில் லாட்டுக்கு ஆயிரம் பீஸ். கூட இருந்த தம்பி ஒரே தட்டில் எல்லாவற்றையும் 2500 ஆக்கிவிட்டான். சோதனை சர்வரில் ஒரு கிலோ நூலுக்கு 2500 கிராம்! முதலாளி பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அதோடு முடியவில்லை. செப்டம்பர் 10-இல் போன சரக்கு அக்டோபரில் திரும்பி வந்தது. அதற்குப் பழைய வரியில்தான் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துக் கொடுக்கும் சீட்டு) போட வேண்டும். ஆக எண்ணை மாற்றினால் மட்டும் போதாது, எந்தத் தேதியிலிருந்து எந்த எண் என்பதும் வேண்டும். வரம்பு, சதவீதம், நடைமுறைக்கு வரும் தேதி மூன்றையும் ஒரே அட்டவணையில் வைத்து அங்கிருந்து எடுப்பது 2017-இல் அரைநாள் வேலை. 2025-இல் ஒன்பது நாள் ஆனது. தம்பி, உங்கள் கையேட்டில் சொல் எதுவானாலும் சரி, இதைப் போடுங்கள்.

சொல்லுக்கு என் ஓட்டு ‘பிசிறு’. செக்கிங் டேபிளில் பெண்கள் கையில் ட்ரிம்மரோடு உட்கார்ந்து ஒவ்வொரு பனியனாகத் திருப்பித் திருப்பிப் பிசிறு வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். தோள் தையலில் அரை அங்குல நூல் நீட்டிக்கொண்டிருக்கும். போட்டுப் பார்க்கிறவர் சும்மா இருக்க மாட்டார், இழுப்பார், தையல் கழன்று வரும். ‘நிரலைச் சீரமைக்க இரண்டு வாரம் வேண்டும்’ என்று முதலாளியிடம் மூன்று முறை கேட்டேன். போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். ‘உள்ளே பிசிறு நிறைய நிக்குதுங்க’ என்றேன். “எத்தனை நாள் ஆகும்?” என்றார்.

கரூரிலிருந்து, புதன் இரவு 9.05

அக்கா, கதை அருமை. ஆனால் வெட்டாத பிசிறு அப்படியே அரை அங்குலமாகத்தான் நிற்கும். கடன் குட்டி போடும். உங்கள் 1000 நாற்பத்தொன்று ஆனதே, அது பிசிறு செய்யும் வேலையா?

இந்த உவமையை 1992-இல் சொன்ன வார்டு கன்னிங்ஹாம் (யாரும் திருத்தக்கூடிய இணையதளமான விக்கியை முதலில் உண்டாக்கியவரும் அவர்தான்) அப்போது முதலீட்டுக் கணக்கு பார்க்கும் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தார். மேலதிகாரிக்குப் புரிய வைக்கக் கடன் என்றார். மோசமான நிரலுக்கு வக்காலத்து வாங்க அல்ல. கொஞ்சம் கடன் வாங்கினால் வேலை வேகமாக நடக்கும், சீக்கிரம் அடைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஊர்க்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். கடன் வாங்காமல் இங்கே யார் தறி போட்டார்கள்?

‘நிரல்கடன்’ என்று வையுங்கள். ‘நிரல்பாக்கி’ இன்னும் பிடிக்கும். பாக்கி அரபிலிருந்து வந்தது என்று ஐயா சொல்வார். அசலும் அங்கிருந்துதான் வந்தது, அதற்காகக் கட்டாமல் விடுகிறோமா?

முன்கூட்டியே ஒரு விண்ணப்பம்: ‘கடன்பட்டார் நெஞ்சம்’ வரியை யாரும் எடுத்து வர வேண்டாம். அது கம்பனில் இல்லை என்ற சண்டை போன முறை மூன்று வாரம் ஓடியது.

பெருந்துறையிலிருந்து, வியாழன் காலை 5.10

நிரல்கடன் பிழை. நிரலினது கடன் என்று வேற்றுமைப் பொருளில் விரியும்போது லகரம் றகரமாகும். நிரற்கடன். ‘லள வேற்றுமையில் றடவும்’ என்பது நன்னூல். அதை எழுதிய பவணந்தியாரின் ஊரான சனகாபுரம் இங்கே பக்கத்துச் சீனாபுரம் என்று நம்பி வாழ்பவன் நான். சைக்கிளில் போய் வரும் தூரத்தில் இருந்துகொண்டு இந்தப் பிழைக்குக் கையெழுத்துப் போட முடியாது.

வட்டி பற்றிய அம்மணியின் வாதம் வலுவானது. ஆயினும் குறியெதிர்ப்பையைக் கைவிட மனமில்லை.

கோபியிலிருந்து, வியாழன் காலை 8.40

நிரற்கடனைச் சத்தம் போட்டுப் படித்தேன். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, “நீர்க்கடனா? யாருக்குடா?” என்றார்கள். செத்துப்போன நிரலுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிற மாதிரி இருக்கிறது, ஐயா.

எங்கள் பக்கம் வாய்க்காலில் தூர் சேரும். இந்த வருடம் வாராமல் விட்டால் அடுத்த வருடம் கடைமடைக்குத் தண்ணீர் ஏறாது. ‘தூர்’, ‘தூர் வாருதல்’. எப்படி?

திருப்பூரிலிருந்து, வியாழன் காலை 9.00

தூர் தானாகச் சேர்வது. 1000-ஐ நான் தெரிந்தே போட்டேன். அதுவுமில்லாமல் எங்கள் ஆபீஸ் பிள்ளைகளுக்குத் தூர் என்றால் வாழைத் தூர்தான் தெரியும்.

சரவணம்பட்டியிலிருந்து, வியாழன் இரவு 11.55

எல்லோருக்கும் நன்றி. தனி மடலில் வந்தவற்றையும் சேர்த்து எண்ணினேன். நிரல்கடன் ஏழு, பிசிறு ஐந்து, நிரற்கடன் இரண்டு, தூர் ஒன்று, குறியெதிர்ப்பை ஒன்று. அந்தப் பையனிடமும் காட்டினேன். நிரல்கடன் என்றதும், “ஓ, கோடில் வச்ச கடனா?” என்றான். பிசிறுக்குச் சிரித்தான், ஆனால் பிழை என்று நினைத்துக்கொண்டான். நிரற்கடனைப் படிக்கவே இரண்டு முறை திணறினான்.

தலைப்பில் ‘நிரல்கடன்’ போட்டுவிட்டேன். கடனை அடைக்கிற வேலைக்கு ‘பிசிறு வெட்டுதல்’. கடனுக்கும் பிசிறுக்கும் உவமை ஒட்டவில்லை என்று கரூர் அண்ணன் திட்டுவார், தெரியும். அக்காவின் 1000 கதை பத்தாம் பக்கத்தில், கம்பெனி பெயர் இல்லாமல். ஐயா, றகரத்தை இரண்டாம் பதிப்பில் கட்டாயம் பார்த்துக்கொள்கிறேன்.

பெருந்துறையிலிருந்து, வெள்ளி காலை 5.05

இரண்டாம் பதிப்பு எந்த மாதம் என்று குறித்துச் சொல்லவும். குறித்து வாங்கினால்தான் அது குறியெதிர்ப்பை.