நீல சாட்டின் பளபளப்பு வரமாட்டேன் என்கிறது. எண்ணெய் வண்ணம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் 1851 முதல் 1853 வரை வரைந்த இளவரசி ப்ரோய் உருவப்படத்தைப் பயிற்சிக்காக எண்ணெய் வண்ணத்தில் நகலெடுத்து வருகிறேன். அசல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரிய படத்தை அவர்கள் தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

முகம், கழுத்து, முத்து வளையல் எல்லாம் ஓரளவு வந்துவிட்டன. மஞ்சள் நாற்காலியும் பரவாயில்லை. சிக்கல் அந்த நீல சாட்டின் கவுன்தான். வெள்ளை கலந்தால் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறிவிடுகிறது. கலக்காவிட்டால் மடிப்புகளில் ஒளியே இல்லை. மனுஷன் தூரிகைத் தடமே தெரியாமல் வழவழவென்று முடித்திருக்கிறார்! (எலும்பே இல்லாத அந்தக் கைகளைப் பற்றித் தனியாகச் சண்டை போடலாம்.)

முதலில் சாம்பல் நிறத்தில் ஒளி நிழலை முடித்து, காய்ந்தபின் நீலத்தை மெல்லிய படலமாக ஏற்றுவதா, ஈரத்திலேயே கலந்து இழைப்பதா? அல்ட்ராமரீன் சரியா, ப்ரஷ்யன் நீலமா? மடிப்பின் உச்சியில் விழும் வெளிச்சத்துக்கு வெறும் வெள்ளை போதுமா? தடத்தை மழுப்ப எந்தத் தூரிகை நல்லது?

சாட்டின் வரைந்தவர்கள் படத்தோடு சொன்னால் இன்னும் உதவியாக இருக்கும்.